சரிகையை உரசிப் பார்க்கும் ஊரில் சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?



பதிவு நீளமானது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களும் இன்று முதல் பெஞ்சுக்கு வந்து முழுதாகப் படிக்க வேண்டும். விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தான். "புது கார் எடுத்திருக்கேன். அலாய் வீல் மாத்தணும். எந்த சைஸ் போடலாம்?" மளமளவென்று பதில்கள் வந்தன. "17 போடு மச்சி, மாஸா இருக்கும்." "டயர் நல்லா அகலமா போடு, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்." "எனக்குத் தெரிஞ்ச கடைக்குப் போ, என் பேரைச் சொல்லு, குறைச்சுத் தருவாங்க." இத்தனை பேரில் ஒருவர்கூட அவனைப் பார்த்து, "இப்போ இருக்கிற டயர்ல என்ன எழுதியிருக்கு, படிச்சியா?" என்று கேட்கவில்லை. என் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. தெரியாதவன் கேட்டான், அது நல்ல பழக்கம். தெரியாமலே பதில் சொன்னவர்கள் மேல்தான் என் கோபம்.

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு முகூர்த்தப் புடவை எடுக்க நம் வீட்டுப் பெண்கள் எத்தனை கடை ஏறி இறங்குகிறார்கள்! சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கோர்வைக் கரையா, சும்மா ஒட்டினாற்போல் நெய்ததா என்று புடவையைத் திருப்பி மறுபக்கம் பார்ப்பார்கள். பட்டு முத்திரை கேட்பார்கள். எடை போடச் சொல்வார்கள். புடவை போலியாக இருந்தால் போவது பணம் மட்டும்தான். அப்படி உரசிப் பார்க்கிற அதே குடும்பம், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையில் தங்கள் ஐந்து உயிரையும் தாங்கப்போகிற சக்கரத்தை, "பளபளன்னு இருக்கு, இதையே மாட்டுங்க" என்று அரை மணி நேரத்தில் வாங்கி வருகிறது. நியாயமா இது?

இன்னொரு வேடிக்கை. நம்மைச் சுற்றித்தான் நாட்டின் டயரில் பெரும் பங்கு தயாராகிறது. ஒரகடத்தில் அப்போலோ. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., சியட். அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். தேர்வாய்க்கண்டிகையில் மிஷ்லின். சக்கரம் வேண்டுமென்றால் பாடியில் வீல்ஸ் இந்தியா. கார் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். என் வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேர் தறியை விட்டுவிட்டு இந்தக் கம்பெனிப் பேருந்துகளில் ஷிஃப்டுக்குப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். டயர் செய்கிற ஊரில் டயரைப் படிக்கத் தெரியாமல் இருப்பது, பிள்ளையார்பாளையத்தில் பிறந்துவிட்டுப் பாவு எது, ஊடை எது என்று கேட்பது போல இருக்கிறது.

ஆகவே இன்று ஒரு பாடம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

ஸ்விஃப்ட் காரின் டயரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் 185/65 ஆர் 15 88 என்று எழுதி, அதன் பின்னால் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சதவீதம். அகலத்தில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது சுமை எண். அதற்கு 560 கிலோ என்று பொருள். கடைசி எழுத்து வேகத்துக்கு. டி என்றால் 190, ஹெச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர் வரை தாங்கும்.

இப்போது கணக்கு. 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 240.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ.

அதே காரின் விலை குறைந்த வகையில் 165/80 ஆர் 14 டயர் வந்தது. அதையும் போட்டுப் பாருங்கள். 165-இல் 80 சதவீதம் 132. இரண்டு பங்கு 264. ரிம் 355.6. மொத்தம் 619.6 மி.மீ. ரிம் மாறியது, அகலம் மாறியது, பக்கச் சுவர் மாறியது. மொத்த உயரத்தில் வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை! தற்செயலாக வந்ததா இது? கம்பெனி பொறியாளர் உட்கார்ந்து போட்ட கணக்கு. வேகமானி, ஏ.பி.எஸ். பிரேக், கியர் எல்லாம் இந்த உயரத்தை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் கணக்கு தெரியாமல், "15 இஞ்ச் ரிம்தானே, 205/65 போட்டா அகலமா கெத்தா இருக்கும்" என்று ஒருவர் மாட்டுகிறார் என்று வையுங்கள். உயரம் 647.5 மி.மீ. ஆகிவிடும். 26 மில்லிமீட்டர் கூடுதல். பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 512 சுற்று சுற்றும். இது 492 சுற்றுதான் சுற்றும். முள் 100 காட்டும்போது வண்டி முன்பு போனதைவிட 4 கிலோமீட்டர் அதிகமாகப் போகும். வேகமானி உங்களுக்குத் தெரியாமலே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். வண்டியில் ஆள் நிறைந்தால், வளைவில் திருப்பினால், டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசவும் கூடும்.

எனவே முதல் விதி: மொத்த உயரம் பழைய உயரத்தை ஒட்டியே இருக்க வேண்டும். 195/55 ஆர் 16 போட்டால் 620.9 வரும். அருமையான பொருத்தம். ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அந்த அளவில் சாதாரணமாகக் கிடைக்கும் டயரின் சுமை எண் 87, அதாவது 545 கிலோ. உங்கள் பழைய டயர் 560 தாங்கியது. ஒவ்வொரு டயரிலும் 15 கிலோ, நான்கிலும் சேர்த்து 60 கிலோ தாங்கும் திறனை விட்டுக்கொடுக்கிறீர்கள். அதே அளவில் 91 சுமை எண்ணோடு பலப்படுத்தப்பட்ட டயரும் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கடையில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டியில் ஏறும். இரண்டாவது விதி இதுதான்: சுமை எண்ணும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையவே கூடாது.

"17 போடு மச்சி" கட்சிக்கு வருகிறேன். 205/45 ஆர் 17 போட்டால் உயரம் 616.3. கணக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கச் சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 92-ஆகக் குறைந்துவிட்டது. 28 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் போய், அந்த இடத்தில் உலோகம் வந்துவிட்டது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்குவது அந்த ரப்பரும் காற்றும்தான். நம் தெருக்கள் எப்படி இருக்கின்றன? குழாய்க்குத் தோண்டுகிறார்கள், கேபிளுக்குத் தோண்டுகிறார்கள், மூடும்போது மண்ணைப் போட்டு மிதித்துவிட்டுப் போகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் எது, சாலை எது என்றே தெரியாது. ஜெர்மனியின் ஆட்டோபானில் ஓடுகிற வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு வாலாஜாபாத் சாலையில் ஓட்டுகிற வண்டிக்குச் சக்கரம் தேர்ந்தெடுக்கலாமா? அந்த ஜெர்மனியிலேயே ஒப்புதல் சான்று இல்லாத சக்கரத்தை மாட்டிச் சாலையில் ஓட்ட முடியாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் இப்படித்தான் மாட்டினான். மூன்றாம் மாதம் ஒரு பள்ளம். டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், ரிம்மில் விரிசல். கடைக்காரர் சொன்ன பதில்: "ரோடு சரியில்ல சார், நாங்க என்ன பண்றது?" ரோடு சரியில்லை என்பது விற்கும்போது அவருக்குத் தெரியாதா?

அடுத்து, "அகல டயர் ரோட்டைக் கவ்வும்" என்ற வாதம். காய்ந்த சாலையில் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. தேங்கிய தண்ணீரில் கதை மாறும். அகலம் கூடக்கூட டயர் தண்ணீரைப் பிளந்து தரையைத் தொடுவது கடினம். தண்ணீர்மேல் ஏறி மிதக்கத் தொடங்கினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் உங்கள் பேச்சைக் கேட்காது. பிடிமானத்தைத் தீர்மானிப்பது ரப்பரின் தரம், பட்டனின் ஆழம், சரியான காற்றழுத்தம். இந்த மூன்றிலும் கோட்டை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் கூட்டுவது, படிக்காமல் விடைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தை நிரப்புவது மாதிரி. அப்படி எழுதியவர்களுக்கு நான் எத்தனை மதிப்பெண் போட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

இனி ரிம். அழகு பார்க்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று, நட்டு வட்டம். ஸ்விஃப்ட் மாதிரி பல சிறிய கார்களில் நான்கு நட்டு, 100 மி.மீ. வட்டத்தில் இருக்கும். பழைய ஃபியட் கார்களில் அதே நான்கு நட்டு 98 மி.மீ. வட்டத்தில். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இழுத்து முடுக்கி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். நட்டு மட்டும் முழுதாக உட்காராது. ஓட ஓடத் தளரும். கோர்வையில் ஒரு இழை பிசகினால் கரை கோணும் என்று நம் நெசவாளிக்குத் தெரியும். இங்கே பிசகினால் சக்கரம் கழன்று ஓடும்.

இரண்டு, நடுத்துளை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. கடையில் விற்கிற அலாய் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று 67 அல்லது 73 மி.மீ. துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. விலையும் அதிகமில்லை. அதைப் போடாமல் மாட்டினால் சக்கரம் நடுவில் உட்காராமல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

மூன்று, ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ஈ.டி. என்று எழுதி ஒரு எண் இருக்கும். அது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். "பார்க்க அகலமா நிக்குது" என்று மகிழ்வீர்கள். அந்த மகிழ்ச்சிக்கான வட்டியை வீல் பேரிங் கட்டும்.

நான்கு, சுமையும் முத்திரையும். நல்ல ரிம்மின் பின்பக்கம் அது எத்தனை கிலோ தாங்கும் என்று வார்த்திருப்பார்கள். தர முத்திரையும் இருக்கும். எதுவுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது வெறும் அச்சு நகல். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். நட்டின் மரையும் வண்டிக்கு வண்டி மாறும். மாருதியில் 1.25, ஹூண்டாயில் 1.5. ரிம்மோடு சரியான நட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது என்னை எதிர்க்கப் போகிறவர்களின் வாதங்களை நானே சொல்லிவிடுகிறேன்.

"கம்பெனிக்காரன் காசை மிச்சம் பிடிக்கத்தான் சின்ன டயர் போடுகிறான்." விலை குறைந்த வகையில் அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் தீர்வு எளிது. அதே காரின் விலை உயர்ந்த வகையில் கம்பெனியே என்ன அளவு கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். அந்த அளவுக்கு மாறுங்கள். அதற்கு மேல் போக, முதன்முறை மாற்றுகிற உங்களுக்கு என்ன அவசியம்?

"என் காசு, என் வண்டி, உங்களுக்கு என்ன?" வண்டி உங்களுடையது. சாலை யாருடையது? வைகாசியில் கருட சேவைக்கு விடியற்காலை இருட்டில் சாரை சாரையாக நடந்து வருகிறார்களே, அவர்களுடையதும்தான். டயர் வெடித்தால் வண்டி யார் மேல் ஏறும் என்று உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது? பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்குள் நின்றால் இந்தத் தலைவலியே இல்லை. காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் மாட்டிய அலாய்க்கு, நாளைக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"வாத்தியாருக்கு அழகு பிடிக்காது." யார் சொன்னது? கரையின் அழகை விற்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஊர் இது. அலாய் போடாதே என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்த் தேரைப் பாருங்கள். மேலே எத்தனை துணி, எத்தனை தொம்பை, எத்தனை பூ! ஆனால் வடம் பிடிக்கும் முன் ஒருவர் குனிந்து அச்சையும் சக்கரத்தையும் பார்ப்பார். முட்டுக்கட்டை போடுகிறவர் தன் கட்டையோடு தயாராக நின்ற பிறகுதான் தேர் நகரும். அலங்காரம் அதன் இடத்தில், அச்சு அதன் இடத்தில்.

இன்னொரு கொள்ளையையும் சொல்ல வேண்டும். ஷோரூமிலிருந்து எடுத்து 200 கிலோமீட்டர்கூட ஓடாத நான்கு புது டயர்களை, "எக்ஸ்சேஞ்ச்ல கழிச்சுக்கலாம்" என்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. அந்த டயர்கள் மறுநாளே நல்ல விலைக்கு வேறொருவருக்குப் போகும். புது வண்டியில் உடனே மாற்றாதீர்கள். இருக்கிற டயர் தேயட்டும். அதற்குள் படியுங்கள், விசாரியுங்கள். மாற்ற வேண்டிய நாள் வரும்போது தெளிவாக மாற்றலாம்.

இளைஞர்களை மட்டும் திட்டுகிறேன் என்று சித்தப்பாக்களும் மாமாக்களும் மகிழ வேண்டாம். உங்கள் கதை இன்னும் மோசம்! பட்டன் முழுக்கத் தேய்ந்த மொட்டை டயரோடு திருப்பதி போய்வந்துவிட்டு, "பெருமாள் காப்பாத்தினார்" என்கிறீர்கள். பெருமாளுக்கு வேறு வேலை இல்லையா? காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் மழைக்கு அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

"நான் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும்தான் எடுக்கிறேன், பட்டன் புதுசு மாதிரியே இருக்கு" என்பவர்களுக்கு: டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பர் கெட்டிப்படும், வெடிக்கும். நம் வெயிலில் நின்றே வயதாகும். ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றுங்கள். புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடையின் அலமாரியிலேயே மூன்று வருடம் தூங்கிய டயரைப் புதுசு என்று தலையில் கட்டுவார்கள்.

காற்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்று அதில்தான் எழுதியிருக்கிறது. டயரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, டயர் சூடாகும் முன் பாருங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள். நைட்ரஜன் போட்டால்தான் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஏழாம் வகுப்பில் படித்தீர்கள்.

ஆக, முதன்முறை மாற்றுகிறவர்களுக்கு என் வீட்டுப்பாடம் இது. கையில் இருக்கும் பணத்தை முதலில் நல்ல டயருக்குச் செலவிடுங்கள், ரிம் அப்புறம். வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்குள் நில்லுங்கள். மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடிப்பது கடினம். அளவு மாற்றினால் ஸ்டெப்னி பொருந்துமா என்று கேளுங்கள். மாட்டிய பிறகு அலைன்மென்ட், பேலன்ஸிங் செய்து, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இன்று மாலையே உங்கள் வண்டியருகில் குனிந்து, டயரில் இருக்கும் எழுத்துகளையும் அந்த நான்கு இலக்க எண்ணையும் படித்துக் கீழே கருத்தில் எழுதுங்கள். எட்டு, பத்து வருட டயரில் யார் யார் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம். உயரத்தைக் கணக்குப் போட்டும் எழுதுங்கள். தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருத்துகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்